சந்திரமதி செய்த தலை

மனித குலம் தோன்றிய நாளிலிருந்து செய்த இயந்திரங்களில் மூன்றைத்தான் இயந்திரம் என்று மதிக்கலாம். முதலாவது சக்கரம். இரண்டாவது சந்திரனுக்குப் போன ராக்கெட். மூன்றாவது, பலெர்மோ நகரத்தின் அல்பெர்கேரியாவில், ஒரு ஒடுங்கிய சந்தில், மீன் பொரித்த மணத்துக்கு நடுவில் சந்திரமதி செய்த தலை. சக்கரம் உருளும், அவ்வளவுதான். ராக்கெட் மேலே போகும், அவ்வளவுதான். சந்திரமதியின் தலையிடம் நீங்கள் ஒரு கேள்வி கேட்டால் அது பதில் சொல்லும். சந்தேகம் இருந்தால் சக்கரத்திடம் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்.

இந்த மாபெரும் விஞ்ஞானி காலையில் ஒரு வயதான இத்தாலிய அம்மாவின், அதாவது சிஞ்ஞோராவின், வீட்டில் நிலம் துடைத்து, அவருக்குக் காலுறை மாட்டி, சப்பாத்து மினுக்கி, மத்தியானச் சாப்பாட்டைச் சமைத்து வைத்துவிட்டு வருகிறவள். பதினொரு வருடமாக அதே வீடு, அதே நிலம். யாழ்ப்பாணத்தில் படித்த காலத்தில் விஞ்ஞானப் பாடத்துக்கு எத்தனை புள்ளி எடுத்தாள் என்பதை இதுவரை ஒருவருக்கும் சொன்னதில்லை. சொல்லாததிலிருந்தே விளங்கிக்கொள்ளலாம்.

கணவர் சிவபாலன் ஒரு உணவகத்தின் குசினியில் வேலை. மூத்தவள் துசானி தாதிப் படிப்புக்காக முக்கால்வாசி நேரம் வெளியில். இளையவன் பிரணவன். பிரணவம் என்றால் ஓம் என்று அர்த்தமாம். யாழ்ப்பாணத்தில் ஆம் என்பதற்கும் ஓம்தான். பெயரை வைத்ததோடு சரி, அவன் இதுவரை ஒரு விசயத்துக்கும் ஓம் சொன்னது கிடையாது. அவனைப் பற்றி எழுதினால் தாள் வீண்.

உண்மையில் சந்திரமதி கலைஞராவதற்காக வீட்டை விட்டு வெளிக்கிடவில்லை. இத்தாலியன் படிக்கத்தான் வெளிக்கிட்டாள். நீண்டகால வதிவிட அனுமதிக்கு, அதுதான் அந்தப் புகழ்பெற்ற பெர்மெஸ்ஸோவுக்கு, மொழிச் சான்றிதழ் வேண்டும். நகரத்தின் சீசாப் பகுதியில் பழைய தொழிற்சாலைக் கட்டிடம் ஒன்றில் பின்னேரங்களில் இலவசமாகப் படிப்பிக்கிறார்கள் என்று யாரோ சொன்னார்கள். பஸ் ஏறிப் போனாள். அங்கே பக்கத்துப் பக்கத்தில் இரண்டு கதவுகள். சந்திரமதி எந்தக் கதவால் போயிருப்பாள் என்று சொல்லத் தேவையில்லை.

உள்ளே ஒரு இளம்பெண், தலையில் ஒரு பக்கத்து மயிரை மழித்தவள், பலகையில் ஒரு சொல் எழுதினாள். கொரெந்தே. சந்திரமதிக்கு மயிர்க்கூச்செறிந்தது. கறண்ட்! அடுத்த சொல், மொத்தோரே. மோட்டர்! அதற்கடுத்தது, பத்தெரியா. பற்றறி! பதினொரு வருடமாகத் தலைக்குள் ஏறாமல் வாசலிலேயே நின்ற மொழி, அன்று சப்பாத்தைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து கதிரை இழுத்துப் போட்டு உட்கார்ந்தது.

“இத்தாலியன் ஒண்டும் பெரிய வேலையில்லை,” என்று அன்று வீட்டுக்கு வந்து சொன்னாள். “எல்லாம் எங்கடை சொல்லுத்தான். இவ்வளவு காலமும் பிழையான ஆக்களிட்டைப் படிச்சிருக்கிறன்.”

“அப்ப கெதியிலை எனக்கும் படிப்பியும்,” என்றார் சிவபாலன்.

அடுத்த கிழமை அந்தப் பெண், இலாரியா அவள் பெயர், சந்திரமதியின் கையில் ஈயம் உருக்கி ஒட்டுகிற சூட்டுக்கோலைக் கொடுத்தாள். சந்திரமதி அதிர்ச்சியடையவில்லை. இவர்கள் கொஞ்சம் வித்தியாசமான முறையில் மொழி படிப்பிக்கிறார்கள் என்று நினைத்தாள். அதற்கடுத்த கிழமை பக்கத்துக் கதிரைக்காரன் தகரத்தில் செய்த நண்டு ஒன்று மேசையிலிருந்து இறங்கி அவளுடைய காலடிக்கு நடந்து வந்தபோதுதான் முதல் சந்தேகம் வந்தது. சோதனை எப்போது என்று கேட்டாள். இங்கே சோதனை கிடையாது, ஆளைக் கண்டால் அசைகிற, தொட்டால் பாடுகிற, கேட்டால் திரும்பிப் பார்க்கிற பொருட்களைச் செய்கிறோம், அது ஒரு கலை, என்றாள் இலாரியா. மொழி வகுப்பு அடுத்த கதவு.

சந்திரமதி மரியாதையாக எழுந்து அடுத்த கதவைத் திறந்து பார்த்தாள். அங்கே பத்துப் பேர் ‘நான் இருக்கிறேன், நீ இருக்கிறாய்’ என்று ஒரே குரலில் பாடிக்கொண்டிருந்தார்கள். கதவைச் சத்தம் போடாமல் சாத்திவிட்டு நண்டிடம் திரும்பி வந்தாள். தமிழ் மக்கள் தொழில்நுட்பத்துக்குள் நுழைந்த வீர வரலாறு இதுதான்.

திறமையைப் பற்றிச் சொல்வதென்றால், முதல் மாதம் அவள் பற்றறியைத் தலைகீழாகத்தான் பூட்டினாள். புகை வந்தது. அவள் சால்வையால் விசிறிவிட்டுச் சுற்றுப் பலகையிடம் “ஸ்கூசி” என்று மன்னிப்புக் கேட்டாள். ஏதாவது எரிந்தால் மணந்து பார்த்து எந்தத் துண்டு போனது என்று சொல்வாள். எப்போதும் பிழையாகவே சொல்வாள். முதலில் செய்த பொருள் ஒரு கை. ஆள் கிட்ட வந்தால் வணக்கம் சொல்லி அசையவேண்டும். இலாரியா கிட்ட வந்தாள். கை அவளுடைய கன்னத்தில் ஒன்று வைத்தது. கலை உலகத்தில் இருப்பவர்களுக்குக் கோபம் வராது போல. இலாரியா கன்னத்தைத் தடவிக்கொண்டே, கருத்து மிகவும் பலமாக இருக்கிறது என்றாள்.

கஷ்டம் வீட்டில்தான். அந்த வீட்டில் ஒரேயொரு மேசை. அதில் சாப்பிடவேண்டும், துசானி படிக்கவேண்டும், உடுப்பு மடிக்கவேண்டும், இப்போது மோட்டரும் வயரும்.

“இஞ்சேரும், இது என்ன புதுக் கறியோ?” ஒரு நாள் சிவபாலன் பல்லுக்கு நடுவிலிருந்து ஒரு திருகாணியை எடுத்துக் காட்டினார்.

“அதைத்தான் காலமை முழுக்கத் தேடினனான். தாங்கோ.”

“பல்லு உடைஞ்சிருந்தா?”

“பல்லைக் கட்டலாம். உந்த அளவிலை திருகாணி பல்லரோச் சந்தை முழுக்கத் தேடினாலும் கிடைக்காது.”

சிவபாலன் அதைக் கழுவிக் கொடுத்துவிட்டு மிச்சச் சோற்றை மிகக் கவனமாகச் சாப்பிட்டார்.

இலாரியாவின் கூடத்தில் சுவரோடு சேர்த்து வேலை மேசைகள் உண்டு. லாச்சி, பூட்டு, திறப்பு எல்லாம் இருக்கும். யன்னலோரத்து மேசையில் வெளிச்சமும் விழும். மேசை உள்ளவர் வருடம் முழுவதும் எந்த நாளும் வரலாம். ஞாயிற்றுக்கிழமையில் காலையிலிருந்தே திறந்திருக்கும். மேசை இல்லாதவர்கள் வகுப்பு முடிந்ததும் எல்லாவற்றையும் பைக்குள் அள்ளிக்கொண்டு போகவேண்டும். மேசை கிடைப்பதற்கு ஒரு வழிதான். வருடத்தில் ஒரு நாள் ஊர்ச்சனம் வந்து பார்க்கிற திறந்த மாலை. அன்று கதவு திறந்ததிலிருந்து பூட்டும்வரை நீங்கள் செய்த பொருள் நிற்காமல் இயங்கவேண்டும். நீங்கள் ஒரு சொல் விளக்கமும் சொல்லக்கூடாது. பொருள்தான் கதைக்கவேண்டும்.

சந்திரமதி வாழ்க்கையில் துடைத்த மேசைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் எட்னா மலைக்கு எட்டும். தனக்கென்று ஒன்று இருந்ததில்லை. யன்னலோர மேசையைக் கடந்து போகும்போதெல்லாம் அதன் மூலையை ஒரு விரலால் தொட்டுவிட்டுப் போவாள். தூசு தட்டுகிறாள் என்று மற்றவர்கள் நினைத்தார்கள்.

திறந்த மாலைக்கு என்ன செய்வது என்று இலாரியா கேட்டபோது, உனக்கு நன்றாகத் தெரிந்த ஒன்றைச் செய் என்றும் சேர்த்துச் சொன்னாள். சந்திரமதிக்கு நன்றாகத் தெரிந்தது ஒன்றுதான்: ஓம் சொல்வது. நிலம் துடைத்தாச்சா, ஓம் சிஞ்ஞோரா. யன்னலும் துடைப்பாயா, ஓம் சிஞ்ஞோரா. ஆகவே எதைக் கேட்டாலும் ஓம் சொல்கிற ஒரு பெண்ணின் தலை.

பழைய பத்திரிகையை ஊறவைத்து அரைத்துத் தலையைப் பிடித்தாள். கறுப்புக் கம்பளி நூலில் மயிர், பல்லரோவில் வாங்கிய தோடு. யாருடைய சாயலும் வரக்கூடாது என்று கவனமாகச் செய்ததில், முகம் அப்படியே சிவபாலனின் தங்கை மாதிரி வந்துவிட்டது. அதைச் சிவபாலனிடம் ஒருவரும் சொல்லவில்லை.

கழுத்துக்குக் குப்பைத் தொட்டியடியில் கிடந்த ஒரு மேசை விசிறியைத் தூக்கி வந்தாள். விசிறி இடமும் வலமும் திரும்பி அறை முழுக்கக் காற்று வீசுமல்லவா, அந்தத் திருப்புகிற பகுதிதான் அவளுக்கு வேண்டியது. சுவர்க் கறண்ட் வேண்டாம் என்று இலாரியா கையெடுத்துக் கும்பிடாத குறையாகச் சொன்னதால், பற்றறியில் ஓடுகிற சின்ன மோட்டரைப் பூட்டினாள். பூட்டி ஓடவிட்டால் தலை இடமும் வலமும் திரும்பி, றோட்டுக் கடக்கிற ஆள் மாதிரிப் பார்த்தது. அது ஓம் இல்லை. கண்ணாடிக்கு முன்னால் நின்று தன்னிடமே கேள்வி கேட்டுத் தன் தலையைப் பார்த்தாள். நாங்கள் ஓம் சொல்லும்போது முகம் திரும்பாது. காதுதான் தோளை நோக்கிச் சரியும், இந்தப் பக்கம் ஒருக்கா, அந்தப் பக்கம் ஒருக்கா. ஒரு முழு நாள் யோசித்துவிட்டு விசிறியின் கழுத்தை மல்லாக்காகப் படுக்க வைத்துப் பூட்டினாள். தலை சரிந்தது. இந்தப் பக்கம், அந்தப் பக்கம். அச்சொட்டாக ஓம். சந்திரமதி குசினிக்குள் தனியாக நின்று கைதட்டினாள்.

குசினிப் புனல் ஒன்றைத் தலைக்கு முன்னால் நிறுத்தி, அதற்குள் ஒலிவாங்கி. புனலுக்குள் கேள்வி கேட்கவேண்டும். கேள்வி முடிந்து ஒரு மூச்சு விட்ட பிறகுதான் தலை ஆடவேண்டும். அந்த ஒரு மூச்சைப் பழக்குவதற்குத்தான் அதிக காலம் எடுத்தது. கேள்வி முடியமுன்னமே தலையாட்டினால் அது சிவபாலன்.

யன்னலைத் திறந்து வைத்து வேலை செய்த ஒரு காலையில் கீழே மீன்காரன் வந்து நின்றான். “கடல்லையிருந்து இப்பத்தான் வந்தது!” என்று சிசிலியனில் கத்தினான். புனல் கேட்டது. தலை ஆடியது. மீன்காரன் நிமிர்ந்து பார்த்தான்.

“என்ன இல்லை? கண்ணைப் பாருங்கோ சிஞ்ஞோரா, மீன்ரை கண்ணைப் பாருங்கோ!”

தலை ஆடியது.

“எங்கடை அம்மாவாணை, விடியப் பிடிச்சது!”

தலை ஆடியது. சந்தில் நின்றவர்கள் சிரிக்கத் தொடங்கினார்கள். மீன்காரன் மீனை வாலில் பிடித்துத் தூக்கி யன்னலுக்குக் காட்டி, தன் தகப்பன், பாட்டன், படகு எல்லாவற்றின் மீதும் சத்தியம் பண்ணினான். தலை எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டு ஒரே பதிலைச் சொன்னது. அதற்குப் பிறகு அவன் சந்திரமதிக்கு மீன் விற்பதை நிறுத்திவிட்டான்.

“ஓம் ஓம் எண்டுதானே சொன்னது. இவனுக்கென்ன வருத்தம்?” என்றாள் சந்திரமதி.

“மூஞ்சையைப் பாத்துப் பயந்திருப்பான்,” என்றார் சிவபாலன், தன் தங்கையைப் பற்றிப் பேசுகிறோம் என்று தெரியாமல்.

மீன்காரனுக்கு என்ன வருத்தம் என்று இந்த ஊரில் பிறந்த எந்தப் பிள்ளைக்கும் தெரியும். இங்கே ஆம் என்றால் தலை மேலும் கீழும் போகவேண்டும். பக்கவாட்டில் ஆடினால் இல்லை, அல்லது ‘எனக்கென்னவோ நம்பிக்கையில்லை’. துசானி வீட்டில் இருந்திருந்தால் சொல்லியிருப்பாள். வீட்டில் இருந்த இளையவன் சிரித்துச் சிரித்துக் கதிரையால் விழுந்து கிடந்தான். விளக்கம் சொல்கிற நிலையில் இல்லை.

இலாரியா பெயர்ப் பலகைக்குத் தலைப்புக் கேட்டாள். ‘ஸீ’ என்று எழுதச் சொன்னாள் சந்திரமதி. ஆம். அவ்வளவுதான். இலாரியா பலகையைப் பார்த்தாள், ஆடுகிற தலையைப் பார்த்தாள், மீண்டும் பலகையைப் பார்த்தாள். நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு, இவ்வளவு துணிச்சலான ஒன்றைத் தான் இந்தக் கூடத்தில் பார்த்ததில்லை என்றாள். ஓம் சொல்வதில் என்ன துணிச்சல் என்று சந்திரமதிக்கு விளங்கவில்லை. புகழ்ச்சியை வீணாக்காமல் நன்றிக்குத் தலையாட்டினாள். இலாரியா கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள்.

திறந்த மாலை அன்று தலையை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போனாள். பற்றறியைக் கழற்ற மறந்துவிட்டாள். பஸ் பிரேக் பிடித்துக் கிரீச்சிடும் ஒவ்வொரு தடவையும் தலை ஓம் சொன்னது. எதிரே இருந்த கன்னியாஸ்திரி சிலுவைக் குறி போட்டுவிட்டு இடம் மாறி உட்கார்ந்தார். அந்தக் குலுக்கலில் ஒரு விசயம் நடந்தது. சந்திரமதி தன் கையால் ஈயம் வைத்து ஒட்டிய, அவளே மிகவும் மெச்சிக்கொண்ட பற்றறி வயர் கழன்றது.

தலையைக் காட்சி மேசையில் வைத்து மேசையைச் சுற்றிக் கறுப்புத் துணியை விரித்த பிறகுதான் அதைக் கண்டாள். சூட்டுக்கோல் சூடாக நேரமில்லை. ஒட்டுநாடா இலாரியாவின் பையில். இலாரியா வாசலில் கதவைத் திறந்துகொண்டு நின்றாள். சனம் உள்ளே வரும் சத்தம் கேட்டது. சந்திரமதி சேலையணிந்த விஞ்ஞானிகள் செய்யக்கூடிய ஒரே காரியத்தைச் செய்தாள். மேசைக்கு அடியில் புகுந்து, இரண்டு வயர் முனைகளையும் விரலால் சேர்த்துப் பிடித்துக்கொண்டு குந்தினாள். கறுப்புத் துணிக்குக் கீழே ஒரு சாண் வெளி. அதனால் தெரிந்ததெல்லாம் சப்பாத்துகள்.

முதலில் வெள்ளை ஓட்டச் சப்பாத்து. “இந்த வருசமாவது எங்கடை உதைபந்து ரீம் மேலை போகுமோ?” மேலே தலை ஆடுகிற சத்தம், டொக், டொக்.

“பாத்தியா, இல்லையெண்டுது!” வெள்ளைச் சப்பாத்து நிலத்தில் உதைத்தது.

தன் காதுதான் அடைத்திருக்கும் என்று நினைத்தாள் சந்திரமதி. பிறகு சிவப்புக் குதி உயர்ந்த சப்பாத்து. “அவருக்கு என்னிலை உண்மையா விருப்பமோ?” டொக், டொக். பக்கத்தில் நின்ற சிநேகிதி சிரித்தாள். “கடதாசித் தலைக்கே தெரியுது, உனக்குத் தெரியேல்லை!” பிறகு தோல் உரிந்த கிழட்டுச் சப்பாத்து. “நாளைக்காவது குழாயிலை தண்ணி வருமோ?” டொக், டொக். “இல்லையாம். பரவாயில்லை, இது ஒண்டுதான் இந்த ஊரிலை உண்மை சொல்லுது.”

நோ, நோ, நோ. இத்தாலிய மொழியில் சந்திரமதிக்கு மிக நன்றாகத் தெரிந்த சொற்களில் அதுவும் ஒன்று. வரிசை நீண்டது. எல்லோரும் இல்லை என்று கேட்பதற்காகவே வந்து நின்றார்கள். பளபளப்பான சப்பாத்துப் போட்ட ஒரு கனவான் தொண்டையைச் செருமிக்கொண்டு மற்றவர்களுக்கு விளக்கம் கொடுத்தார். எழுத்து ஆம் என்கிறது, தலை மறுக்கிறது, வாய்திறக்க முடியாதவர்களின் எதிர்ப்பு இது, என்று. சந்திரமதிக்குப் பாதி விளங்கியது. மீதி விளங்காமலிருந்தால் நல்லது என்று பட்டது. மீன்காரன் ஏன் கோபித்தான் என்பதும், இலாரியா எதைத் துணிச்சல் என்றாள் என்பதும் ஒன்றன்பின் ஒன்றாக வந்து மேசைக்கு அடியில் அவளுக்குப் பக்கத்தில் குந்தின.

வெளியே வந்து, ஐயோ, அது ஓம், எங்கள் ஓம், என்று கத்தவேண்டும் போல இருந்தது. கையை விட்டால் தலை நிற்கும். வாயைத் திறந்தால் விளக்கம். இரண்டில் எதைச் செய்தாலும் யன்னலோர மேசை போய்விடும்.

அப்போதுதான் ஒரு சோடிச் சப்பாத்து மெல்ல மெல்ல வந்து நின்றது. பக்கத்தில் ஒரு ஊன்றுகோல். அந்தச் சப்பாத்தை அன்று காலையில் மினுக்கியதே சந்திரமதிதான். சிஞ்ஞோரா!

சிஞ்ஞோராவுக்குக் காது கொஞ்சம் மந்தம். ஆகவே கூடம் முழுவதற்கும் கேட்கக் கதைப்பார். “இதேதான்! அப்பிடியே இதேதான்! ஒவ்வொரு சனிக்கிழமையும் கேப்பன், நாளைக்கு வருவியோ எண்டு. இப்பிடித்தான் தலையைச் சரிப்பாள். ஒருநாளாவது வாயாலை இல்லையெண்டு சொன்னதில்லை. என்ன பண்பு! நானும் சரி பிள்ளை, ஓய்வெடு எண்டு விட்டிடுவன்.”

மேசைக்கு அடியில் சந்திரமதி சனிக்கிழமைகளை எண்ணிப் பார்த்தாள். பதினொரு வருடம் ஒவ்வொரு சனிக்கிழமையும் அவள் ஓம், வாறன் என்றுதான் சொன்னாள். சிஞ்ஞோரா பெரிய மனதோடு ஓய்வு தருகிறார் என்று நம்பி, அவரைத் தெய்வம் என்று ஊரெல்லாம் சொல்லி, சாந்தா ரொசாலியா கோயில் இருக்கிற மலைக்கு ஏறி அவருடைய பெயரில் மெழுகுதிரி வேறு கொளுத்தியிருக்கிறாள்.

இப்போது வெளியே போய் உண்மையைச் சொன்னால் என்ன நடக்கும்? ஞாயிற்றுக்கிழமைகள் எல்லாம் சிஞ்ஞோராவிடம் திரும்பிப் போய்விடும். ஞாயிற்றுக்கிழமை இல்லாமல் யன்னலோர மேசை கிடைத்து என்ன பயன்? சந்திரமதி கணக்கில் எப்போதும் கெட்டிக்காரி. விரல்களை இன்னும் இறுக்கிப் பிடித்தாள். உண்மையும் நேர்மையும் துணிக்கு வெளியே நின்று கொஞ்சநேரம் பார்த்துவிட்டுப் போய்விட்டன.

கதவு பூட்டியதும் இலாரியா துணியைத் தூக்கிப் பார்த்தாள். சந்திரமதியின் விரல்கள் விறைத்து வயரோடு ஒட்டியிருந்தன. ஒவ்வொன்றாகப் பிரித்து எடுக்கவேண்டியிருந்தது. தலை ஒரு தடவையும் நிற்கவில்லை. செய்தவளும் ஒரு சொல் சொல்லவில்லை.

“யன்னல் பக்கத்து மேசை. வேணுமோ?” என்று கேட்டாள் இலாரியா.

சந்திரமதியின் தலை வழக்கம்போலச் சரியத் தொடங்கியது. பாதியில் விளங்கியது. விறைத்த கையால் தன் தாடையைத் தானே பிடித்து நிறுத்திக்கொண்டு, பலெர்மோவுக்கே கேட்கும்படி “ஸீ! ஸீ! ஸீ!” என்றாள்.

மேசைத் திறப்பு இப்போது அவளுடைய சங்கிலியில் தாலிக்குப் பக்கத்தில் தொங்குகிறது. சனிக்கிழமைகளில் சிஞ்ஞோரா இன்னும் கேட்கிறார், நாளைக்கு வருவியோ என்று. சந்திரமதி இன்னும் தலையைச் சரிக்கிறாள். அவள் பொய் சொல்வதில்லை. ஓம் என்றுதான் சொல்கிறாள்.

இந்த வாழ்க்கைச் சித்திரம் இந்த இடத்தில் முடிந்திருக்கவேண்டும். முடியவில்லை. சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு மலருக்கு ‘எம்மிடையே ஒரு சாதாரண மனிதர்’ என்று எழுதித் தரச் சொன்ன ஆசிரியை, எழுத்துப் பிழை இருந்தால் போடமாட்டேன் என்றும் சொல்லியிருந்தார். எழுதியவருக்கு எந்த ற, எந்த ர என்று தெரியாது. தெரிந்த ஆள் ஒருவர்தான். ஞாயிற்றுக்கிழமை தாள்களைக் கொண்டுபோய் யன்னலோர மேசையில் வைக்கவேண்டி வந்தது.

சந்திரமதி சிவப்புப் பேனையோடு வாசித்தாள்.

“கறண்டுக்கு இந்த ர இல்லை.”

“ம்.”

“அம்மாவைப் பேர் சொல்லி எழுதியிருக்கிறாய்.”

“வாழ்க்கைச் சித்திரம் எண்டால் அப்பிடித்தான் எழுதிறது,” என்றான் பிரணவன்.

“அவள், இவள் எண்டும்?”

“அதுவும் அப்பிடித்தான்.”

“ஓ. மாமியின்ரை சாயல் எண்ட இடத்தை அப்பா வாசிக்கமுதல் வெட்டு.” தாளைத் திருப்பினாள். “மீன்காரன்ரை விசயம் உனக்கு அண்டைக்கே தெரியுமோ?”

பிரணவன் யன்னலுக்கு வெளியே எதையோ மிகக் கவனமாகப் பார்த்தான்.

“சரி, அது கிடக்கட்டும். ஞாயிற்றுக்கிழமைக்காகத்தான் நான் வயரை விடாமல் பிடிச்சனான் எண்டு உனக்கு ஆர் சொன்னது?”

“வேறை என்னத்துக்கு?”

“பொய் எழுதியிருக்கிறாய். சிஞ்ஞோரா கதைச்சு முடிய நான் வெளியிலை வரத்தான் வெளிக்கிட்டனான். பாவம் மனுசி எண்டு. ஒரு விரலும் எடுத்திட்டன். அந்த நேரம் பாத்து ஒரு நீலச் சப்பாத்து வந்து நிண்டது. நாடா கட்டேல்லை.”

பிரணவன் கால்களைக் கதிரைக்கு அடியில் இழுத்துக்கொண்டான்.

“அண்டைக்கு வந்த சனம் முழுக்க இத்தாலியனிலைதான் கேட்டது. அந்தச் சப்பாத்து மட்டும் புனலுக்குள்ளை வாயை வைச்சு, ஒருத்தருக்கும் கேளாமல், தமிழிலை கேட்டது. எங்கடை அம்மாவுக்கு மேசை கிடைக்குமோ எண்டு.”

“அது ஆரோ. நான் அண்டைக்கு அரஞ்சீனா சாப்பிடத்தான் வந்தனான்.”

“அப்ப ஏன் மூண்டுதரம் கேட்டது?”

பிரணவன் குனிந்து சப்பாத்து நாடாவைக் கட்டத் தொடங்கினான்.

“தலை சொன்னது ஓம் எண்டு விளங்கின ஒரே ஆள். அந்தாளை மட்டும் விட்டிட்டு மிச்ச எல்லாரையும் எழுதியிருக்கிறாய்.” சந்திரமதி சிவப்புப் பேனையை அவன் பக்கம் நீட்டினாள். “சப்பாத்துக்கு நடுவிலை ப் வரும். எழுது.”